சீன மாடலை இறக்கிக்கொள்வதா, அமெரிக்க ஏபிஐ-க்குக் காசு கட்டுவதா?

கேள்வி | 5 நவம்பர் 2025

டெல்டாவில் விதை, உரம், பூச்சிமருந்து விற்கும் நிறுவனம். விவசாயிகள் வாட்ஸ்அப்பில் தமிழில் கேட்கிறார்கள், பாதிக்கு மேல் குரல் பதிவு. நாளுக்குச் சுமார் 3,000 செய்தி வரும். பதில் சொல்ல ஒரு ஏஐ வைக்கப் பார்க்கிறோம். டீப்சீக், க்வென் போன்ற சீன ஏஐ மாடல்கள் எல்லாம் இலவசமாகக் கிடைக்கும்போது ஓப்பன்ஏஐ-க்கு ஏன் டாலரில் கட்ட வேண்டும் என்று முதலாளி கேட்கிறார். அமெரிக்காவும் சீனாவும் போட்டி போடுவதில் நமக்கு லாபம்தானே? எதை எடுக்கலாம்?

பதில் | 5 நவம்பர், இரவு

லாபம்தான், சந்தேகமில்லை. 2025 ஜனவரி 20 அன்று டீப்சீக் ஆர்1 எம்ஐடி லைசென்ஸில் (யாரும் எடுத்து வியாபாரத்துக்கும் பயன்படுத்தலாம் என்ற உரிமம்) வெளிவந்தது. அப்போது அதன் ஏபிஐ (அவர்கள் சர்வரில் ஓடும் மாடலை நம் நிரலிலிருந்து அழைக்கும் வழி) விலை 10 லட்சம் வெளியீட்டு டோக்கனுக்கு (மாடல் எழுத்தை வெட்டும் சின்னத் துண்டு ஒரு டோக்கன்) 2.19 டாலர். ஓப்பன்ஏஐ-யின் ஓ1 அதே அளவுக்கு 60 டாலர் கேட்டுக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு யாராலும் பழைய விலையில் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

ஆனால் உங்கள் கணக்கு வேறு. இலவசமாகக் கிடைப்பது மாடல் கோப்பு மட்டும்தான். அதை 24 மணி நேரமும் ஓட்டும் ஜிபியுவுக்கு (மாடல் ஓடும் சிப்) யார் கட்டுவது?

ஒரு செய்திக்கு 1,500 டோக்கன் உள்ளே போகிறது (மாடலுக்கான அறிவுறுத்தல், தேடி எடுத்த குறிப்பு, விவசாயியின் கேள்வி எல்லாம் சேர்த்து), 250 டோக்கன் வெளியே வருகிறது என்று வையுங்கள். 3,000 செய்திக்கு நாளுக்கு 45 லட்சம் உள்ளீடு, 7.5 லட்சம் வெளியீடு. ஓப்பன்ஏஐ-யின் சின்ன மாடலான ஜிபிடி-4ஓ மினி விலை 10 லட்சத்துக்கு உள்ளீடு 0.15 டாலர், வெளியீடு 0.60 டாலர். நாளுக்கு 1.13 டாலர், மாதம் 34 டாலர். டாலருக்கு 89 ரூபாய் என்று போட்டால் 3,000 ரூபாய் சுமார்.

மத்திய அரசின் இந்தியாஏஐ மிஷன் வாடகைக்குத் தரும் மானிய ஜிபியு மணிக்கு 65 ரூபாய் சுமார். அதற்கு விண்ணப்பித்து ஒப்புதல் வாங்க வேண்டும், அது ஆய்வாளர்களையும் ஸ்டார்ட்அப்களையும் மனதில் வைத்த திட்டம். அந்த விலையிலேயே உங்களுக்குக் கிடைத்தாலும் மாதம் 46,800 ரூபாய். அதாவது நாளுக்கு 45,000 செய்தியைத் தாண்டும்வரை சொந்த சர்வர் நஷ்டம். இதில் இரவில் சர்வர் விழுந்தால் எழுந்து பார்க்கும் ஆளின் சம்பளத்தை இன்னும் சேர்க்கவில்லை.

6 நவம்பர்

முந்தைய கணக்கில் 1,500 டோக்கன் என்று ஒரே வீச்சில் எழுதிவிட்டுப் போனேன். தமிழுக்கு அதைப் பிரித்துச் சொல்லாமல் விட்டால் தப்பான முடிவுக்குத்தான் போவீர்கள். இந்தப் போட்டி பற்றிய செய்திகளில் யாரும் பேசாத செலவு இங்கேதான் இருக்கிறது.

யூடிஎஃப்-8இல் (கணினி எழுத்தைச் சேமிக்கும் முறை) ஆங்கில எழுத்து ஒரு பைட், தமிழில் ஒவ்வொரு குறியும் 3 பைட். 'கு' என்றால் க, உகரக்குறி இரண்டும் சேர்ந்து 6 பைட். மாடலின் டோக்கன் பட்டியலில் தமிழ்த் துண்டுகள் போதுமான அளவு இல்லையென்றால் ஒரு சொல் நொறுங்கிப் பத்துத் துண்டாகும். 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ வந்தபோது ஓப்பன்ஏஐ ஒரே வாக்கியத்தைப் பல மொழிகளில் எண்ணிக் காட்டியது. பழைய பட்டியலில் ஆங்கிலம் 27 டோக்கன், தமிழ் 116, தெலுங்கு 159. புதிய பட்டியலில் ஆங்கிலம் 24, தமிழ் 35, தெலுங்கு 45. நான்கு மடங்குக்கு மேல் கட்டிக்கொண்டிருந்த தமிழ், ஒன்றரை மடங்குக்கு இறங்கியது.

க்வென் விஷயத்துக்கு வருவோம். அதன் பட்டியல் சுமார் 1.5 லட்சம் டோக்கன் கொண்டது. ஜிபிடி-4இன் பழைய பட்டியலை அடித்தளமாக வைத்து, சீனச் சொற்களையும் வேறு சிலவற்றையும் சேர்த்து விரித்தது. க்வென்3 119 மொழி தெரியும் என்கிறது, அதில் தமிழும் உண்டு, எழுதவும் எழுதும். ஆனால் தமிழ் எழுத அது எடுக்கும் துண்டுகள் பழைய ஜிபிடி-4க்குப் பக்கத்தில்தான் நிற்கும். கூகுளின் ஜெம்மா3 பட்டியல் 2,62,000, நம் எழுத்துகளுக்கு அதில் இடம் கூடுதல்.

யார் சொல்வதையும் நம்ப வேண்டாம், நீங்களே எண்ணுங்கள். உங்களுக்கு வந்த செய்திகளில் 200 எடுங்கள். ஒவ்வொரு மாடலுக்கும் டோக்கனைசர் கோப்பை (எழுத்தை டோக்கனாக வெட்டும் பகுதி) மட்டும் இறக்கினால் போதும், சில எம்பிதான், ஜிபியு வேண்டாம். 200ஐயும் அதில் ஓட்டி மொத்த டோக்கனைச் சொற்களின் எண்ணிக்கையால் வகுங்கள். அந்த ஒரு எண் விலையைச் சொல்லும், வேகத்தைச் சொல்லும், எத்தனை பேரைத் தாங்கும் என்பதையும் சொல்லும்.

எண்ணுவதற்கு முன் எழுத்தை என்எஃப்சி வடிவத்துக்கு (ஒரே எழுத்தை எப்போதும் ஒரே விதமாக எழுதும் யூனிகோடு முறை) கொண்டுவாருங்கள். 'கொ' என்பதன் குறியைச் சில போன்கள் ஒரே குறியாகவும், சில பழைய மென்பொருள்கள் கொம்பு, கால் என்று இரண்டாகவும் அனுப்பும். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், தேடினால் கிடைக்காது.

7 நவம்பர்

"என் லேப்டாப்பில் டீப்சீக் ஓடுகிறதே" என்று எழுதியவருக்கு: அது க்வென் 7பி, அல்லது மெட்டாவின் லாமா 8பி (ஒரு பி என்றால் 100 கோடி பாராமீட்டர், அதாவது மாடலுக்குள் இருக்கும் எண்கள்). ஆர்1 எழுதிய விடைகளை வைத்துப் பயிற்சி கொடுத்த சின்ன மாடல்களுக்கு டீப்சீக் பெயரையும் சேர்த்து வெளியிட்டார்கள். அசல் ஆர்1 67,100 கோடி பாராமீட்டர். அந்த எண்களின் கோப்பு, அதாவது எடைகள், மட்டும் 670 ஜிபிக்கு மேல். 80 ஜிபி நினைவுள்ள எச்100 ஜிபியு எட்டு வைத்தாலும் 640தான், உள்ளே நுழையாது. 141 ஜிபி எச்200 எட்டு வேண்டும்.

9 நவம்பர்

மெமரிக் கணக்கு கேட்டிருக்கிறார்கள். கடையில் 24 ஜிபி ஆர்டிஎக்ஸ் 4090 ஜிபியு கார்டு ஒன்று வாங்கி க்வென்3 8பி ஓட்டுவதாக வையுங்கள்.

ஒவ்வொரு எண்ணையும் 16 பிட்டில் (2 பைட்) வைத்தால் எடைகள் 16 ஜிபி சொச்சம். எல்லோரும் இதோடு கணக்கை மூடிவிடுகிறார்கள். பேச்சு நடக்கும்போது ஒவ்வொரு டோக்கனுக்கும் மாடல் நினைவில் வைக்கும் கேவி கேஷ் தனி. இந்த மாடலில் 36 அடுக்கு, 8 கேவி ஹெட், ஒவ்வொன்றும் 128 அகலம், கீ ஒன்று வேல்யூ ஒன்று, 2 பைட். பெருக்கினால் டோக்கனுக்கு 144 கேபி. 8,192 டோக்கன் உரையாடலுக்கு 1.1 ஜிபி. மீதியிருக்கும் 7 ஜிபியில் ஓட்டும் மென்பொருளின் பங்கு போக ஐந்து பேர் பேசலாம். ஆறாவது ஆள் வரிசையில் நிற்பார்.

4 பிட்டுக்குச் சுருக்கினால் எடைகள் 5 ஜிபி சுமார், கேஷுக்கு இடம் தாராளம், பதினைந்து பேர் வரை தாங்கும். ஆனால் சுருக்கும்போது முதலில் அடிபடுவது பயிற்சித் தரவில் குறைவாக இருந்த மொழிகள். ஆங்கிலத் தேர்வில் மதிப்பெண் அப்படியே இருக்கும், தமிழில் வேற்றுமை உருபு தடுமாறும். 4 பிட் என்றால் தமிழில் தனியாகச் சோதிக்காமல் விடாதீர்கள்.

வேகம்: 4090இன் மெமரி வேகம் நொடிக்கு 1,008 ஜிபி. ஒவ்வொரு டோக்கனுக்கும் எல்லா எடைகளையும் ஒருமுறை படிக்க வேண்டியிருப்பதால், 16 பிட்டில் ஒரு ஆளுக்கு நொடிக்கு 60 டோக்கன்தான் உச்சம். 27 டோக்கன் ஆங்கில வாக்கியம் அரை நொடியில் முடியும். அதே வாக்கியம் 116 டோக்கன் தமிழ் என்றால் இரண்டு நொடி. ஐந்து வாக்கியப் பதில் பத்து நொடி ஆகும்.

14 நவம்பர்

லைசென்ஸ். க்வென்3 வரிசை அப்பாச்சி 2.0, வியாபாரத்துக்குத் தடையில்லை. அதற்கு முந்தைய க்வென்2.5இல் 3பி மாடல் மட்டும் ஆய்வுக்கு என்று பூட்டியிருந்தது, பெயரைப் பார்த்து எல்லாம் ஒன்று என்று எடுத்துவிடாதீர்கள். லாமாவை எடுத்து நீங்கள் பயிற்சி கொடுத்தால் புது மாடலின் பெயர் லாமா என்றே தொடங்க வேண்டும். மாதம் 70 கோடிக்கு மேல் பயனாளர் உள்ளவர் தனி அனுமதி வாங்க வேண்டும் என்ற லாமாவின் வரம்பு உங்களைத் தொடப்போவதில்லை. ஆர்1 எம்ஐடி, ஆனால் லாமாவுக்குப் பயிற்சி கொடுத்துச் செய்த ஆர்1 சின்ன மாடலுக்கு லாமாவின் நிபந்தனையும் ஒட்டிக்கொண்டு வரும்.

சீனாவுக்குத் தரவு போகுமா என்ற பயத்தில் இரண்டு விஷயம் கலந்துகிடக்கிறது. டீப்சீக்கின் ஆப்பிலோ ஏபிஐ-யிலோ எழுதினால் சீனாவில் உள்ள சர்வருக்குப் போகும், அவர்கள் தனியுரிமைக் கொள்கையிலேயே எழுதியிருக்கிறார்கள். எடைகளை இறக்கி உங்கள் சர்வரில் ஓட்டினால் எதுவும் எங்கும் போகாது. கோப்பு சேஃப்டென்சர்ஸ் வடிவத்தில் (எண்கள் மட்டும் இருக்கும், நிரல் இருக்காது) இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பழைய பிக்கிள் வடிவக் கோப்பைத் திறக்கும்போது உள்ளே ஒளித்துவைத்த நிரலும் ஓடும். மாடலோடு வரும் பைத்தான் நிரலை ஓடவிடும் அனுமதியையும் மூடிவையுங்கள்.

15 நவம்பர்

"வெறும் 56 லட்சம் டாலரில் சீனாக்காரன் செய்துவிட்டான், நாம் ஏன் செய்யக்கூடாது" என்பதற்கு. அந்த எண் டீப்சீக் வி3 அறிக்கையில் இருக்கிறது: 27.88 லட்சம் எச்800 ஜிபியு மணி நேரம், மணிக்கு 2 டாலர், மொத்தம் 55.76 லட்சம் டாலர். இது கடைசிப் பயிற்சி ஓட்டத்தின் செலவு மட்டும். முன்னால் நடந்த ஆராய்ச்சி, தோற்றுப்போன சோதனைகள் எதுவும் இதில் சேரவில்லை என்று அதே அறிக்கை சொல்கிறது. ஓட்டிய 2,048 ஜிபியுவை வாங்கிய காசும் இல்லை. இந்த எண்ணை வைத்துக்கொண்டு பட்ஜெட் போடாதீர்கள்.

22 நவம்பர்

எந்த மாடல் என்று இரண்டு வாரத்துக்கு மேலாகக் கேட்கிறீர்கள். உங்கள் தொழிலில் ஆபத்து மாடலின் பெயரில் இல்லை, மருந்தின் அளவில் இருக்கிறது. இதை நிதானமாக எழுதுகிறேன்.

பரிந்துரைப் புத்தகங்களில் அளவு பெரும்பாலும் எக்டேருக்கு. விவசாயி கேட்பது ஏக்கருக்கு, இல்லையென்றால் மாவுக்கு. எக்டேருக்கு 500 மில்லி என்ற வரியைப் படித்துவிட்டு மாடல் ஏக்கருக்கு 500 மில்லி என்று சரளமாகச் சொல்லும். ஒரு எக்டேர் 2.47 ஏக்கர், ஆக இரண்டரை மடங்கு மருந்து. சரியான கணக்கு ஏக்கருக்கு 200 மில்லி. ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர் என்றால் லிட்டருக்கு 1 மில்லி, 16 லிட்டர் டேங்குக்கு 16 மில்லி. மாவுக்கு 67 மில்லி, ஏனென்றால் மூன்று மா ஒரு ஏக்கர். இவ்வளவு சின்னக் கணக்கில்கூட மாடல் பத்து முறை சரியாகச் சொல்லிப் பதினோராவது முறை தவறும். அந்தப் பதினோராவது ஆளின் பயிர் கருகும்.

அதனால் மாடலைக் கணக்குப் போடவே விடாதீர்கள். மருந்து, பயிர், பூச்சி, எக்டேர் அளவு, தண்ணீர் அளவு, அறுவடைக்கு முன் விட வேண்டிய நாள் ஆகியவற்றை ஒரு அட்டவணையில் உங்கள் வேளாண் பட்டதாரிகள் ஏற்ற வேண்டும். மாடலின் வேலை விவசாயி சொன்னதிலிருந்து பயிர், வயது, பூச்சி, பரப்பு என்ற நான்கை மட்டும் பிரித்தெடுப்பது. பரப்பை ஏக்கராக்குவது நிரலின் வேலை: 100 சென்ட் ஒரு ஏக்கர், மா 33 சென்ட் சுமார், வேலி 20 மா. அட்டவணையில் எடுத்த எண் பதிலுக்குள் நேராக உட்கார வேண்டும். அனுப்பும் முன் பதிலில் உள்ள ஒவ்வொரு எண்ணும் அட்டவணை எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று நிரல் பார்க்க வேண்டும், ஒன்று மாறினாலும் செய்தி கடைக்காரரின் போனுக்குத் திருப்பப்பட வேண்டும்.

அட்டவணையில் இல்லாத மருந்தின் பெயரை மாடல் எழுதினால் அதையும் மறியுங்கள். எண்டோசல்பானை உச்ச நீதிமன்றம் 2011இல் நிறுத்தியது, ஆனால் அதைப் பரிந்துரைக்கும் பழைய பக்கங்கள் இணையத்தில் கிடக்கின்றன, மாடல்கள் அவற்றையும் படித்துத்தான் வளர்ந்தவை. சீன மாடல், அமெரிக்க மாடல் இரண்டுக்கும் இது பொருந்தும்.

இதற்கு மேல்தான் மாடல்களை ஒப்பிட வேண்டும். அந்த 200 செய்தியையே ஒவ்வொரு மாடலிடமும் கொடுத்து, எது எந்த மாடலின் பதில் என்று மறைத்து, இரண்டு வேளாண் பட்டதாரிகளிடம் தனித்தனியாகத் திருத்தக் கொடுங்கள். சரி, பயனில்லை, ஆபத்து என்று மூன்றே பிரிவு போதும். 'சரி'யில் யார் முன்னால் என்று பார்க்காதீர்கள். 'ஆபத்து' எதற்குக் குறைவோ அதை எடுங்கள். மாதாமாதம் புது மாடல் வரும்போது இதே 200 செய்தித் தேர்வுத்தாளை ஓட்டினால் ஒரே நாளில் முடிவு தெரியும். அமெரிக்கா சீனா போட்டியின் லாபம் உங்கள் கைக்கு வருவது இந்தத் தாள் வழியாகத்தான். தாள் இல்லாதவர் விளம்பரத்தைப் பார்த்துத்தான் மாற வேண்டியிருக்கும்.

23 நவம்பர்

6ஆம் தேதிக் குறிப்பைப் படித்துவிட்டு, "தமிழை ஆங்கிலமாக்கி மாடலுக்குக் கொடுத்து, விடையைத் தமிழாக்கினால் டோக்கன் பிரச்சினையே இல்லையே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல வழி. ஐஐடி மெட்ராஸின் ஏஐ4பாரத் குழு வெளியிட்ட இண்டிக்ட்ரான்ஸ்2 என்ற மொழிபெயர்ப்பு மாடல், அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளுக்கும் உண்டு. அதன் 20 கோடி பாராமீட்டர் வடிவம் சாதாரண சிபியுவிலேயே ஓடும். ஆனால் புகையான், குருத்துப்பூச்சி, நாற்றங்கால் போன்றவற்றையும், மருந்துகளின் கடைப் பெயர்களையும் மொழிபெயர்ப்புக்கு முன்பே அடையாளக் குறியாக மாற்றிவிட்டு, திரும்பி வரும்போது பழைய சொல்லை வைத்துவிடுங்கள். இல்லையென்றால் பூச்சியே மாறிவிடும். முந்நூறு நானூறு சொல் கொண்ட பட்டியல் போதும்.

28 நவம்பர்

ஏஐ சிங்கப்பூர் (சிங்கப்பூரின் தேசிய ஏஐ திட்டம்) தன் புதிய மாடலை க்வென் மேல் கட்டிய செய்தியை ஒருவர் இங்கே போட்டிருக்கிறார். பார்க்க வேண்டிய செய்திதான். அவர்களின் சீ-லயன் தென்கிழக்கு ஆசிய மொழிகளுக்கான மாடல், தமிழும் அதில் உண்டு. முந்தைய பதிப்புகள் சில லாமா, ஜெம்மா மேல் கட்டியவை. 2025 நவம்பரில் வந்த ஒரு வி4 பதிப்பு க்வென்3 32பி மேல் எழுந்தது. ஜெம்மா3 மேல் கட்டிய வி4 பதிப்பும் உண்டு. இரண்டு நாட்டு அடித்தளத்தையும் வைத்துக்கொண்டு தங்கள் மொழிகளின் தேர்வுத்தாளை மட்டும் கைவிடாமல் இருக்கிறார்கள். சின்ன நாடு செய்ய வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன்.

அமெரிக்காவின் ஜிபியு ஏற்றுமதிக் கட்டுப்பாடு நம்மைப் பாதிக்குமா என்ற கேள்விக்கு: 2022 அக்டோபரில் ஏ100, எச்100 சீனாவுக்குத் தடை. அந்தத் தடைக்குள் அடங்கும்படி சீனாவுக்கென்றே செய்த எச்800க்கு 2023 அக்டோபரில் தடை. 2025 ஜனவரியில் பைடன் அரசு உலகையே மூன்று அடுக்காகப் பிரித்து, இந்தியாவை நடு அடுக்கில் வைத்து உச்சவரம்பு போட்டது. அமலுக்கு வருவதற்குள் மே மாதம் டிரம்ப் அரசு அதைக் கைவிட்டது. அந்த விதி இருந்திருந்தாலும் 1,700 ஜிபியு வரையிலான ஆர்டர் வரம்பில் சேர்ந்திருக்காது. ஒரு கார்டு வாங்கும் உங்களுக்கு அது பொருட்டில்லை. விலையில் ஏற்ற இறக்கம் வரலாம், அவ்வளவுதான்.

3 டிசம்பர் 2025

"ஜியோவில் ஜெமினி 18 மாதம் இலவசம், ஏர்டெல்லில் பெர்ப்ளெக்சிட்டி ஒரு வருடம் இலவசம், சாட்ஜிபிடி கோவும் நவம்பர் 4 முதல் ஒரு வருடம் இலவசம். கடைப் பையன்கள் அதிலேயே கேட்டுச் சொல்லட்டுமே?"

வேண்டாம். இவை தனி ஆளுக்கான ஆப்கள், இவற்றோடு ஏபிஐ வராது. உங்கள் அட்டவணை, எண் சரிபார்ப்பு எதுவும் நடுவில் நிற்காது. விவசாயியின் பெயர், போன் எண், கடன் பாக்கி எல்லாம் ஊழியரின் சொந்தக் கணக்கில் போய் உட்காரும், அவர் வேலையை விட்டால் கூடவே போகும். எப்படியும் தட்டித்தான் பார்ப்பார்கள் என்றால், அமைப்புகளில் உரையாடலைப் பயிற்சிக்குப் பயன்படுத்தும் சுவிட்சை அணைக்கச் சொல்லுங்கள். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டுவிட்டன, கட்டம் கட்டமாக அமலுக்கு வரும். தரவு கசிந்தால் பதில் சொல்ல வேண்டியது நிறுவனம்.

கோடிக்கணக்கான பேருக்கு இலவசமாகக் கொடுப்பது பழக்கத்தைப் பிடிப்பதற்காக. பழகிய பிறகு மாறுவது சிரமம் என்பது அவர்களுக்குத் தெரியும்.

19 டிசம்பர்

குரல் பதிவு. வாட்ஸ்அப் அனுப்புவது ஓஜிஜி உறையில் ஓபஸ் வடிவ ஒலி. எஃப்எஃப்எம்பெக் என்ற ஒலி மாற்றும் கருவியை வைத்து 16,000 ஹெர்ட்ஸ், ஒற்றைச் சேனல் வேவ் ஆக்குங்கள். பேச்சை எழுத்தாக்கும் ஓப்பன்ஏஐ-யின் விஸ்பர் மாடல் 30 நொடித் துண்டாகக் கேட்கும், பேச்சே இல்லாத இடத்தில் மோட்டார் சத்தத்தைக் கேட்டு வாக்கியம் ஒன்றைத் தானாக எழுதிவிடும். அதனால் பேச்சு இருக்கும் பகுதியை மட்டும் வெட்டி எடுத்த பிறகு கொடுங்கள். ஏஐ4பாரத்தின் இண்டிக்கன்ஃபார்மரையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள், அது நம் மொழிகளுக்கென்றே பயிற்சி பெற்றது.

அரை, கால், முக்கால், ஒன்னேகால், ஒன்றரை, ரெண்டரை: இவற்றை எண்ணாக்கும் சின்ன அட்டவணை நிரலில் இருக்க வேண்டும். 'ரெண்டரை மா' என்பதை 2 மா என்று எடுத்தால் நவம்பர் 22 அன்று எழுதிய பாதுகாப்பு எல்லாம் வீண், ஏனென்றால் எண் அட்டவணையோடு ஒத்துப்போகும், பரப்பே தப்பு. மருந்து அளவு சொல்லும் முன் கேட்டதைத் திருப்பிச் சொல்லுங்கள்: "நெல், 45 நாள், புகையான், இரண்டரை மா. சரியா?" அவர் 'சரி' அழுத்திய பிறகு அளவு போகட்டும்.

8 ஜனவரி 2026

2026 ஜனவரி 15 முதல் பொதுவான ஏஐ உரையாடல் பாட்களை வாட்ஸ்அப் பிசினஸ் தளத்தில் நடத்த முடியாது என்று மெட்டா 2025 அக்டோபரில் விதி போட்டது. சாட்ஜிபிடி, பெர்ப்ளெக்சிட்டி போன்றவை வெளியேற வேண்டியதுதான். சொந்த வாடிக்கையாளருக்குப் பதில் சொல்ல ஏஐ வைத்திருக்கும் நிறுவனத்துக்குத் தடை இல்லை. ஆனால் உங்கள் பாட் அரசியல், சினிமா, பள்ளிக்கூடக் கணக்கு எல்லாவற்றுக்கும் பதில் சொன்னால் அது பொதுவான பாட் என்று உங்கள் வாட்ஸ்அப் எண்ணை முடக்க வழியுண்டு. பயிர் தொடர்பில்லாத கேள்விக்கு ஒரே வரியில் மறுத்து, கடை எண்ணைக் கொடுக்கும்படி செய்யுங்கள்.

விவசாயி எழுதிய 24 மணி நேரத்துக்குள் நீங்கள் அனுப்பும் பதிலுக்குக் கட்டணம் கிடையாது. அதற்குப் பிறகு அனுப்பினால் மெட்டாவிடம் முன் ஒப்புதல் பெற்ற வார்ப்பு வாசகம் (டெம்ப்ளேட்) மட்டும்தான், செய்திக்கு இவ்வளவு என்று காசும் போகும். கடைக்காரரின் போனுக்குத் திருப்பிய கேள்விகளை மறுநாள் அதே நேரத்துக்குள் முடிக்க ஆள் போடுங்கள்.

11 ஜனவரி

ஏபிஐ பில் எதிர்பார்த்ததைவிடக் கூடுதல் என்று முதல் கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார், அறிவுறுத்தல் உரையையும் இங்கே போட்டிருக்கிறார். முதல் வரியிலேயே இன்றைய தேதியும் நேரமும் இருக்கிறது. முதலில் அதைத் திருத்துங்கள். 1,024 டோக்கனுக்கு மேல் தொடக்கம் அச்சு மாறாமல் வந்தால் 4ஓ மினியில் அந்தப் பகுதிக்குப் பாதி விலைதான் போடுவார்கள். நேரம் நிமிடத்துக்கு நிமிடம் மாறுவதால் உங்களுக்கு அந்தச் சலுகை பெரும்பாலும் கிடைத்திருக்காது. மாறாத அறிவுறுத்தலும் உதாரணங்களும் முதலில், தேடி எடுத்த குறிப்பு அடுத்து, தேதியும் விவசாயியின் செய்தியும் கடைசியில்.

மாடல் பெயரையும் தேதியோடு கூடிய முழுப் பெயராக எழுதுங்கள். பொதுப் பெயர் போட்டால் அவர்கள் பின்னால் புதியதை மாற்றும்போது உங்களுக்குத் தெரியாமல் பதில் மாறும். புதிய பதிப்புக்கு மாறும் அன்று 200 செய்தித் தாளை ஓட்டி, 'ஆபத்து' எண்ணிக்கை ஏறவில்லை என்று பார்த்த பிறகு மாற்றுங்கள். அதோடு அதே நிரலில் இரண்டாவது முகவரியாக ஜெம்மாவோ க்வெனோ ஓடும் ஏதாவது ஒரு சேவையைப் போட்டுவையுங்கள், முதலாவது விழுந்தால் தானாக அதற்குத் தாவட்டும். கார்டில் தானியங்கிப் பிடித்தம் 15,000 ரூபாயைத் தாண்டினால் ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்கும், கணக்காளர் விடுமுறையில் இருந்தால் பிடித்தம் தோற்கும். ஏபிஐ கணக்கில் இரண்டு மாதத் தொகையை முன்பணமாகப் போட்டுவைத்து, மீதி குறைந்தால் மின்னஞ்சல் இரண்டு பேருக்குப் போகும்படி வைத்துவிடுங்கள்.